தண்ணி ஏற்றிய கிளைடர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனி, சுவிஸ், லண்டன் என்று போய்ச் சேர்ந்த எங்கடை பிள்ளைகள் சிலர் அங்கே கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) கழகங்களில் பழகுகிறார்கள். படத்தில் செட்டைக்குப் பின்னால் வெள்ளைக் கோடாகத் தண்ணீர் சிந்துவதைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து கேள்வி வரும். பழகுகிற பிள்ளைகளிடமிருந்தும் வரும், கொஞ்சம் சிக்கலாக. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே இருக்கின்றன.

கணக்குக்கெல்லாம் ஒரே உதாரணக் கிளைடரை வைத்துக்கொள்வோம். செட்டை நீளம் நுனிக்கு நுனி 15 மீற்றர், செட்டைப் பரப்பு 10.5 சதுர மீற்றர், வெறும் எடை 240 கிலோ, பரசூட்டோடு விமானி 90 கிலோ, தண்ணீர் 150 லீற்றர், அனுமதித்த உச்ச எடை 525 கிலோ. உங்கள் கிளைடரின் எண்கள் அதன் பறப்புக் கைநூலில் இருக்கும். இந்தப் பக்கமும் கைநூலும் முரண்பட்டால் கைநூல் சொல்வதுதான் சரி.

எஞ்சின் இல்லாத பிளேன் எண்டால் விழாதோ? முதல்ல அதைச் சொல்லுங்கோ.

கிளைடர் எப்போதும் காற்றுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இறங்கும் சரிவு மிகக் குறைவு, அவ்வளவுதான். எங்கள் உதாரணக் கிளைடர் 1 கிலோமீற்றர் உயரத்தைக் கொடுத்து 40 கிலோமீற்றர் தூரம் போகும். வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் காற்று, கிளைடர் இறங்குவதைவிட வேகமாக ஏறினால், அதற்குள் சுற்றும் கிளைடரும் கூடவே ஏறும். பருந்து செட்டை அடிக்காமல் வட்டமிட்டு ஏறுவதும் இதே காற்றில்தான். இந்தக் காற்றுத் தூணுக்குத் தெர்மல் என்று பெயர்.

பாரம் குறைஞ்சால்தானே நல்லாப் பறக்கும்? பிறகேன் தண்ணியை ஏத்துறியள்?

அதிகம் வரும் கேள்வி இது. ஏறுவதற்கு மட்டும் என்றால் பாரம் குறைவதுதான் நல்லது. ஆனால் நெடுந்தூரம் போகிறவர் ஒரு தெர்மலில் ஏறி, நேராக ஓடி, அடுத்ததைப் பிடிக்க வேண்டும். அந்த நேர் ஓட்டத்துக்குத்தான் தண்ணீர்.

எடை கூடினால் சறுக்கும் சரிவு மாறாது. அந்தச் சரிவு கிடைக்கும் வேகம் கூடும். கூடும் அளவு, எடை விகிதத்தின் வர்க்கமூலம். உதாரணக் கிளைடர் தண்ணீர் இல்லாமல் 330 கிலோ, தண்ணீரோடு 480 கிலோ. 480 ஐ 330 ஆல் பிரித்தால் 1.45, அதன் வர்க்கமூலம் 1.2. காய்ந்த கிளைடர் மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடும்போது கிடைக்கும் 40 க்கு 1 என்ற சரிவு, தண்ணீரோடு 120 இல் கிடைக்கும். 1000 மீற்றர் உயரத்தைச் செலவழித்து இரண்டும் 40 கிலோமீற்றர் போகும். ஒன்று 24 நிமிடத்தில், மற்றது 20 நிமிடத்தில்.

இதே 1.2 மற்ற வேகங்களையும் பெருக்கும் என்பதை மறக்கக் கூடாது. கிளைடர் ஸ்டோல் ஆகும் வேகம், அதாவது செட்டை காற்றைப் பிடிக்காமல் விடும் வேகம், 70 ஆக இருந்தால் 84 ஆகும். இனி வரும் பதில்களில் பாதி இந்த எண்ணைச் சுற்றித்தான்.

அப்ப எந்த நாளும் நிரப்பிக்கொண்டு போறது லாபம்தானே?

இல்லை. காய்ந்த கிளைடர் வினாடிக்கு 0.6 மீற்றர் இறங்கினால் தண்ணீரோடு 0.72 மீற்றர் இறங்கும். அது சின்ன நட்டம். பெரிய நட்டம் வட்டத்தில். 40 பாகை சாய்வில் மணிக்கு 90 கிலோமீற்றரில் சுற்றினால் வட்டத்தின் ஆரை சுமார் 76 மீற்றர். தண்ணீரோடு அதே சாய்வில் 108 இல் சுற்ற வேண்டும், ஆரை 110 மீற்றர் ஆகிவிடும். தெர்மலின் நடுப்பகுதிதான் பலமானது. ஒடுங்கிய தெர்மலில் தண்ணீர்க்காரர் விளிம்பில் சுற்றிக்கொண்டு நிற்க, காய்ந்தவர் நடுவில் ஏறிப் போய்விடுவார்.

பொதுக் கணக்கு: முழுச் சுற்றுகளின் சராசரி ஏற்றம் வினாடிக்கு 2 மீற்றருக்குக் குறைந்தால் தண்ணீர் பாரம் மட்டுமே. 1956 இல் உலகச் சம்பியனான போல் மக்ரெடியின் பெயரால் வழங்கும் வேகக் கணக்கும் இதையே சொல்கிறது. அடுத்த ஏற்றம் பலமாக இருக்கும் என்றால்தான் வேகமாக ஓடுவதில் லாபம்.

தண்ணி எங்க நிக்கும்? சீற்றுக்குப் பின்னாலையோ?

செட்டைக்குள். முன்விளிம்புக்கும் நடு உத்தரத்துக்கும் இடைப்பட்ட வெற்றிடமே சில ரகங்களில் தொட்டி. சிலவற்றில் அதற்குள் நீளமான பை இருக்கும். ஒவ்வொரு பக்கமும் அடியில் ஒரு வால்வு, மேலே அல்லது நுனிப் பக்கம் ஒரு காற்றுத் துளை. விமானியின் கைக்கு எட்டும் நெம்புகோல் வால்வைத் திறக்கும். சில ரகங்களுக்கு வாலிலும் ஒரு சிறு தொட்டி உண்டு. அதன் கதை பின்னால் வருகிறது.

மண்மூட்டை கட்டினால் என்ன? தண்ணிதான் வேணுமோ?

மண்மூட்டையை நடுவானில் இறக்க முடியாது. தண்ணீரை 4 அல்லது 5 நிமிடத்தில் இறக்கலாம், கீழே இருப்பவருக்குச் சேதமும் இல்லை.

இதை யாழ்ப்பாணத்திலை பழகேலாதோ? பலாலி இருக்குதானே.

ஓடுபாதை மட்டும் போதாது. குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். காற்று மோதி மேலே எழும்ப மலை இல்லை. எந்தப் பக்கம் போனாலும் கடலோ களப்போ கிட்ட. நிலம் சூடேறி தெர்மல் எழும்பும் நேரத்தில் கடற்காற்று குளிர்ந்த காற்றைக் கொண்டுவந்து அதை அடக்கிவிடும். சோளகம் அடிக்கிற மாதங்களில் எழும்புகிற தெர்மலும் சிதறிப் போகும். பட்டம் வேறு விஷயம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏறும் பட்டத்துக்குக் கிடையாக அடிக்கிற வாடைக்காற்றும் இழுத்துப் பிடிக்க நூலும் போதும். கிளைடருக்கு மேல்நோக்கி எழும் காற்று வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிளைடர் கழகமும் இல்லை.

இங்கே இருந்தபடி செய்யக்கூடியது பாடம் படிப்பதும் கணினியில் பாவனைப் பறப்புப் பழகுவதும். கொண்டோர் என்ற கிளைடர் பாவனை மென்பொருளில் தண்ணீர் ஏற்றலாம், கொட்டலாம். வேகக் கணக்கு அதில் வடிவாக விளங்கும். செட்டை பாரமாகி, தடியை அசைத்த பிறகும் ஒரு கணம் யோசித்துவிட்டு அசைகிற உணர்வு மட்டும் மேசையில் கிடைக்காது.

அண்ணை, நான் போன மாதம்தான் தனியப் பறந்தனான். எப்ப தண்ணியோட பறக்கலாம்?

இப்போது இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 14 வயதில் தனியாகப் பறக்கலாம், 16 இல் உரிமம் எடுக்கலாம். உரிமத்துக்குக் குறைந்தது 15 மணித்தியாலப் பயிற்சி வேண்டும். அதில் 10 பயிற்றுநரோடு. 45 புறப்பாடும் இறக்கமும், தனியாக 50 கிலோமீற்றர் அல்லது பயிற்றுநரோடு 100 கிலோமீற்றர் நெடும்பறப்பும் அதற்குள் அடக்கம். இந்தப் பட்டியலில் தண்ணீர் இல்லை. அது உரிமத்துக்குப் பிறகு பழகுகிற விஷயம்.

எங்கள் அபிப்பிராயம்: முதலில் கிளைடர் விமானிகளின் சர்வதேசத் தகுதிச் சின்னமான வெள்ளிப் பதக்கத்துக்கான மூன்றும் முடியட்டும். 50 கிலோமீற்றர் தூரம், 5 மணித்தியாலம் வானில் நிற்பது, 1000 மீற்றர் உயர ஏற்றம். அதோடு, தண்ணீர் ஏற்றப்போகும் அதே ரகக் கிளைடரில் ஒரு பருவம் முழுக்கக் காய்ந்தபடி பறந்திருக்க வேண்டும். அதன் ஸ்டோல் எப்படி வரும், குறுக்குக்காற்றில் எப்படி இழுக்கும் என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் அந்த எண்களை 1.2 ஆல் பெருக்கிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும். காற்று அமைதியாக இருக்கட்டும், ஓடுபாதை நீளமாக இருக்கட்டும். மேலே போய் 1000 மீற்றருக்குக் குறையாத உயரத்தில் மெல்ல வேகம் குறைத்து ஸ்டோலைப் பாருங்கள். பிறகு கொட்டிப் பழகுங்கள். முதல் பறப்பின் நோக்கமே கொட்டிப் பார்ப்பதுதான்.

கிணத்துத் தண்ணி விடலாமோ? சவர்த்தண்ணி எண்டால்?

சவர் வேண்டாம். செட்டைக்குள் வால்வுக் கம்பி, திருகாணி, தாங்கி எல்லாம் உலோகம். உப்பு அவற்றை அரிக்கும். எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் நல்ல தண்ணீர் என்றாலும் சுண்ணாம்பு கூடியது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு வால்வின் ரப்பர் வளையத்திலும் படியும். அதன்பிறகு வால்வு இறுக்கமாக மூடாது. ஐரோப்பாவிலும் பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் இப்படித்தான். அதனால்தான் பறந்து முடிந்ததும் தொட்டியை முழுக்க வடித்துக் காயவிட வேண்டும். நிரப்பும்போது ஒரு வடி போடுங்கள். ஒரு பாசித் துண்டு போதும் வால்வு முழுக்க மூடாமல் நிற்க.

நிரப்பிற முறையை ஒழுங்காச் சொல்லுங்கோ.

முதலில் கடதாசியில் கணக்கு. உச்ச எடையிலிருந்து வெறும் எடையையும் விமானி, பரசூட், பொதிகள் எல்லாவற்றையும் கழியுங்கள். உதாரணக் கிளைடருக்கு 525 இலிருந்து 330 போக 195 மிச்சம். தொட்டி 150 லீற்றர்தான் என்பதால் நிரம்ப விடலாம். விமானி 130 கிலோ என்றால் எடைக் கணக்குச் சரிவந்தாலும் இருக்கையின் எல்லை தாண்டிவிடும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது காற்றுத் துளை. போன மழைக்கு ஒட்டின ரேப், செட்டைக்குப் பூசிய மெழுகு, குளவி கட்டின மண் எதுவும் துளையை அடைக்கலாம். துளை அடைந்தால் நிரப்பும்போது தொட்டி உப்பும். கொட்டும்போது உள்ளே வெற்றிடமாகித் தண்ணீர் இறங்காமல் நிற்கும். வால்வின் ரப்பரில் வாஸ்லீன் போல மெல்லியதாக ஏதாவது பூசலாம், கைநூல் அனுமதித்தால்.

செட்டைகளை மட்டமாக வைத்து ஒவ்வொரு பக்கமும் 10 லீற்றர் விடுங்கள். விட்டுவிட்டு நெம்புகோலைத் திறந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே தடிப்பில் ஊற்ற வேண்டும். மூடினால் இரண்டும் உடனே நிற்க வேண்டும். இந்த 2 நிமிடச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு ‘ஒரு பக்கம் மட்டும் கொட்டுது’ என்ற கேள்வியோடு வருகிறார்கள். சோதனை சரியென்றால் மாறி மாறி நிரப்புங்கள், இடது கொஞ்சம், வலது கொஞ்சம். அளவை மீற்றர் பூட்டிய குழாயாலோ அளவு குறித்த கானாலோ பாருங்கள். கண்மட்டம் போதாது.

முடிந்ததும் சமநிலை. இரண்டு நுனியிலும் ஆள் நின்று மட்டமாகப் பிடித்து, மெல்லக் கையை எடுக்க வேண்டும். துலாவில் கல்லுக் கட்டிச் சரிபார்ப்பது போலத்தான். எந்தப் பக்கம் திரும்பத் திரும்ப இறங்குகிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் வடித்துவிடுங்கள். பிறகு வரிசையில் நிற்கும்போதும் அடியைப் பாருங்கள். நிமிடத்துக்கு அரை லீற்றர் ஒழுகினால் 40 நிமிடக் காத்திருப்பில் ஒரு பக்கம் 20 லீற்றர் குறைந்திருக்கும். ஒழுகியது தெரிந்தால் மறுபடி சமநிலை பார்க்காமல் புறப்படக் கூடாது.

குழாயை நேரே பூட்டிவிட்டால் கெதியா நிரம்புமே?

கெதியாக நிரம்பும், கெதியாகச் செட்டையும் வெடிக்கும். 1 மீற்றர் உயரத் தண்ணீர் 0.1 பார் அழுத்தம் தரும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அது ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1 தொன் பாரம். வீட்டுக்கு மேல் 3 மீற்றர் உயரத்தில் தொட்டி வைத்தால் 3 தொன். நகரக் குழாயின் அழுத்தம் அதைவிடப் பலமடங்கு. செட்டைத் தோல் உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்குக் கட்டப்பட்டதல்ல, ஒட்டிய விளிம்பு பிரிந்துவிடும். வெளியே தெரியாமல் உள்ளே பிரிவது இன்னும் மோசம். ஆகவே செட்டையைவிடக் கொஞ்சம் உயரத்தில் திறந்த கான், அதிலிருந்து தானாக வடியும் குழாய். அல்லது புனலில் தளர்வாக விட்ட குழாய். எங்கேயும் இறுக்கமான பூட்டு வேண்டாம்.

அரைவாசி மட்டும் நிரப்பினால் தண்ணி அங்காலை இங்காலை ஓடாதோ?

தொட்டிக்குள் தடுப்புகள் இருக்கும், ஓட்டம் மெதுவாகும். சரியாகச் சுற்றும்போது செட்டை 45 பாகை சாய்ந்திருந்தாலும் தண்ணீர் கிளைடரின் அடியை நோக்கியே அழுத்தப்படும். வாளித் தண்ணீரைச் சுழற்றினால் சிந்தாதது போல. பிரச்சினை பக்கவாட்டில் சறுக்கும்போதுதான். சுக்கானும் தடியும் ஒத்துப் போகாமல் நெடுநேரம் பறந்தால் தண்ணீர் ஒரு பக்கம் கூடும். அரைத் தொட்டியோடு வேண்டுமென்றே சறுக்கி உயரம் குறைப்பதைத் தவிருங்கள். சில ரகங்களின் கைநூல் அரைகுறையாக நிரப்புவதையே தடுக்கும், பாருங்கள்.

ஓடத் தொடங்கேக்கை செட்டை நிலத்திலை முட்டுது. என்ன பிழை?

செட்டையில் பாரம் கூடினதால் அதை அசைக்கவும் நேரமெடுக்கும், அசைந்ததை நிறுத்தவும் நேரமெடுக்கும். எய்லரோன், அதாவது சாய்வை ஆளும் செட்டைப் பின்விளிம்பு மடல், வேலை செய்ய வேகம் வேண்டும், அந்த வேகம் வரவும் இப்போது கூட நேரம் எடுக்கிறது. எனவே நுனி பிடிப்பவர் வழமையைவிடக் கூடத் தூரம் ஓட வேண்டும். மட்டமாகப் பிடிக்க வேண்டும், தள்ளவோ இழுக்கவோ கூடாது. புறப்படும் முன் அவரிடமே கேளுங்கள், ‘கையில் பாரம் தெரியுதோ?’ என்று. பாரம் தெரிந்தால் ஒரு பக்கம் கூடியிருக்கிறது.

பிளாப், அதாவது செட்டையின் வளைவை மாற்றும் பின்விளிம்பு மடல், உள்ள கிளைடர் என்றால் முதல் ஓட்டத்தில் அதை எதிர் நிலையில் (மேலே தூக்கி) வைத்தால் எய்லரோன் முன்னதாகப் பிடிக்கும். பிறகு கைநூல் சொல்லும் நிலைக்குக் கொண்டுவரலாம். செட்டை இறங்குது, தடியை முழுக்கக் கொடுத்தும் எழும்பவில்லை என்றால் உடனே இழுக்கிற கயிற்றைக் கழற்றிவிடுங்கள். நுனி புல்லில் பிடித்தபின் விட்டால் பிந்திவிட்டது.

இழுவை விமானத்திலையும் வின்ச்சிலையும் என்ன வித்தியாசம் பார்க்க வேணும்?

இழுவை விமானிக்கு முன்கூட்டியே ‘தண்ணீரோடு வருகிறேன், இத்தனை வேகம் வேண்டும்’ என்று சொல்ல வேண்டும். காய்ந்த கிளைடருக்கு அவர் வழமையாக இழுக்கும் வேகத்தில் இழுத்தால் நீங்கள் மூக்கைத் தூக்கியபடி, தடி மந்தமாகி, அவருக்குக் கீழே இறங்கத் தொடங்குவீர்கள். எங்கள் உதாரணத்துக்கு மணிக்கு 130 முதல் 140 கிலோமீற்றர் சுகமாக இருக்கும். கிளைடரின் இழுவை உச்ச வேகத்தைத் தாண்டக் கூடாது. தண்ணீர் ஏற்றினதால் அந்த உச்சம் உயராது.

கயிற்றில் வேண்டுமென்றே பலம் குறைத்துப் பூட்டும் இணைப்பு ஒன்று உண்டு, அளவு மீறினால் அது அறுந்து கிளைடரைக் காப்பாற்றும். ரொஸ்ட் நிறுவனத்தின் இணைப்புகளுக்கு நிறக் குறி: நீலம் 600, வெள்ளை 500, கறுப்பு 1000 தெக்காநியூற்றன் (ஏறத்தாழ அத்தனை கிலோ இழுவை). எந்த நிறம் என்று கைநூலில் இருக்கும். பாரம் கூடிவிட்டது என்று பலமானதாக மாற்றினால், காப்பாற்ற வைத்ததையே கழற்றிய கதை.

வின்ச்சில், அதாவது நிலத்தில் நின்று கயிற்றைச் சுருட்டி இழுக்கும் எந்திரத்தில், செங்குத்தாக ஏறும்போது கயிறு அறுந்தால் மூக்கைக் கீழே தள்ளி, வேகம் வரும்வரை பொறுக்க வேண்டும். காய்ந்தபோது 95 கிலோமீற்றரில் தரை இறங்கப் பழகிய கை, 95 ஐக் கண்டதும் ஏர்பிறேக்கை, அதாவது செட்டையிலிருந்து எழும்பி இறக்கத்தைக் கூட்டும் தகட்டின் பிடியை, தேடும். தண்ணீரோடு அது 115. அந்த இலக்கம் வரும்வரை திரும்பவும் கூடாது, பிறேக்கும் கூடாது. புறப்படும் முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

வாலிலை இருக்கிற தொட்டி எதுக்கு? அதை நிரப்பாமல் விட்டால் என்ன?

பல ரகங்களில் செட்டைத் தண்ணீர் பாரமையத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளும். வால் தொட்டியில் சில லீற்றர் விட்டால், நெம்பு நீளம் கூடியதால், அது ஈடு செய்யும். நிரப்பாமல் விட்டால் கிளைடர் மூக்குப் பாரமாகப் பறக்கும், கொஞ்சம் திறன் குறையும், ஆபத்து இல்லை.

மறுபக்கம்தான் ஆபத்து. செட்டை காலியாகி வால் மட்டும் நிரம்பி நின்றால் பாரமையம் பின்னே போய்விடும். முச்சை பிழைத்த பட்டம் சுத்திக்கொண்டு விழுவது தெரியும்தானே, அதே குணம். ஸ்டோல் ஆனதும் ஸ்பின்னுக்குள், அதாவது சுழன்று விழும் நிலைக்குள், போகும், எடுக்கக் கஷ்டப்படும். ஆகவே கொட்டும்போது வால் முதலில், அல்லது இரண்டும் ஒன்றாக. செட்டை முதலில் என்பது ஒருபோதும் இல்லை.

மேலை குளிரிலை தண்ணி உறையாதோ?

உறையும். தெர்மல் உள்ள நாளில் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 பாகை குறையும். நிலத்தில் 25 பாகை என்றால் 2500 மீற்றர் மேலே பூச்சியம். செட்டையில் பெரிய அளவு இருப்பதால் உறைய நேரம் எடுக்கும். வால் தொட்டி சிறியது, முதலில் உறையும். மெல்லக் கசிகிற வால்வின் வாய் அதைவிட முந்தி உறைந்து அடைத்துவிடும். உறைந்தால் கன அளவு 9 சதவீதம் கூடும், நிரம்பிய தொட்டி பிளக்கும். வால் உறைந்து நிற்க செட்டையைக் கொட்டினால் மேலே சொன்ன பின்பார நிலை வரும்.

வெளி வெப்பமானி 2 பாகைக்குக் கிட்ட வந்தாலே முடிவெடுங்கள்: வெப்பமான காற்றுக்கு இறங்குவது, அல்லது வாலோடு சேர்த்து எல்லாவற்றையும் கொட்டுவது. உறைதடுப்பு மருந்து கலப்பதைச் சில கைநூல்கள் அனுமதிக்கும். சிலவற்றில் அது பையையும் பசையையும் கெடுக்கும் என்று தடை.

எப்ப கொட்ட வேணும்?

இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றிவரும் வட்டச் சுற்றுக்குள் நுழையும் முன் தொட்டி காலியாக இருக்க வேண்டும். கணக்கு இதுதான்: கொட்ட 4 நிமிடம், அந்த நேரத்தில் வினாடிக்கு 1 மீற்றர் இறங்கினால் 240 மீற்றர் போய்விடும். 300 மீற்றரில் சுற்றுக்கு வர வேண்டும் என்றால் 600 இல் நெம்புகோலைத் திறக்க வேண்டும். வயலில் இறங்க வேண்டி வரும் போல இருந்தால் இன்னும் முந்தி. மனம் ‘இன்னொரு தெர்மல் கிடைக்கும்’ என்று சொல்லும். கிடைத்தால் காய்ந்த கிளைடர் அதில் நன்றாகவே ஏறும். கொட்டினதால் இழப்பது வேகம் மட்டும்.

திறந்ததும் இரண்டு செட்டைக்கும் பின்னால் பாருங்கள். இரண்டு வெள்ளைக் கோடும் ஒரே அளவில் தெரிய வேண்டும். உங்களுக்கு நேர் கீழே அதே தெர்மலில் வேறு கிளைடர் இருந்தால் கொட்டக் கூடாது. அவருடைய கண்ணாடி முழுக்க மழையாகிவிடும், செட்டை ஈரமாகித் திறனும் குறையும்.

கீழை நிக்கிற சனத்துக்கு மேல ஊத்துமோ?

நல்ல உயரத்தில் கொட்டினால் தூறலாகச் சிதறி, பெரும்பாலும் நிலத்துக்கு வரும் முன் ஆவியாகிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் கொட்டுது, மற்றது கொட்டேல்லை. இப்ப என்ன செய்யிறது?

உடனே மூடுங்கள். முதல் 5 வினாடியில் மூடினால் வித்தியாசம் ஒன்றிரண்டு லீற்றர்தான். மூடிவிட்டு சில தடவை திறந்து மூடிப் பாருங்கள், வேகத்தைக் கொஞ்சம் மாற்றி மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள், வெப்பமான காற்றுக்கு இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் பார்த்து. எதுவும் சரிவராவிட்டால் இரண்டு பக்கமும் தண்ணீரை வைத்துக்கொண்டே இறங்குங்கள். பலருக்கு இது மனதில் ஏறுவதில்லை. ‘எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைப்போம்’ என்று ஒரு பக்கத்தை முழுக்க வடித்துவிடுகிறார்கள். சமமான பாரத்தோடு வேகமாக இறங்கலாம். சமமில்லாத பாரம் மெதுவாகும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

அப்படி ஆகிவிட்டால்? ஒரு பக்கம் 40 கிலோ மிச்சம், நடுவிலிருந்து 2.5 மீற்றரில் என்று வையுங்கள். நுனி 7.5 மீற்றர் தள்ளி இருக்கிறது. ஆக, நுனியில் 13 கிலோ அரிசிப் பை தொங்குகிற மாதிரி. வேகம் இருக்கும்வரை எய்லரோன் அதைத் தாங்கும். குறையக் குறையத் தடி முழுக்கப் போய் முட்டிவிடும். உயரத்தில் இருக்கும்போதே மெல்ல வேகத்தைக் குறைத்து, எந்த வேகத்தில் தடி முட்டப் பார்க்கிறது என்று அறியுங்கள். தரை இறங்கும் வேகம் அதைவிட நன்றாகக் கூட இருக்க வேண்டும். பாரமான பக்கம் செங்குத்தாகச் சாய்ந்து திரும்ப வேண்டாம். நீண்ட நேர் வழியாக வந்து, கொஞ்சம் வேகத்தோடு நிலத்தைத் தொடுங்கள். ஓட்டம் மெதுவாகும்போது பாரமான செட்டை விழுந்து கிளைடர் அந்தப் பக்கம் திரும்பும், அதனால் அந்தப் பக்கம் வெளி இருக்கிற மாதிரி இறங்குங்கள்.

ரெண்டு பக்கமும் நிரம்பினபடி இறங்கினால் கிளைடர் உடையுமோ?

சமநிலமான ஓடுபாதையில், உச்ச எடைக்குள், மென்மையாக இறங்கினால் உடையாது. ஆனால் இயக்க சக்தியைப் பாருங்கள். எடை 1.45 மடங்கு, வேகத்தின் வர்க்கமும் 1.45 மடங்கு. பெருக்கினால் 2.1. நிறுத்த வேண்டிய சக்தி இரண்டு மடங்குக்கு மேல். ஓட்டம் நீளும், சில்லும் பிறேக்கும் சூடாகும். கரடு வயலில் இது உடைவில் முடியலாம். இறங்கியதும் செட்டையைத் தொப்பென்று போட வேண்டாம், பிறகு நிலத்திலேயே வடித்துவிடுங்கள். தண்ணீரோடு ட்றெயிலரில் ஏற்றுவது கூடவே கூடாது. இரவு முழுக்க நிரம்பியபடி விடுவதும் நல்லதல்ல, குளிர்நாட்டில் விடியப்புறம் உறைபனி வந்தால் தொட்டி போய்விடும்.

செட்டைக்குள்ளை 150 கிலோ எண்டால் செட்டை முறியாதோ?

எதிர்மாறு. பறக்கும்போது செட்டைதான் தூக்குகிறது, நடுவில் உடலும் விமானியும் தொங்குகிறார்கள். நடுப் பாரம் கூடினால்தான் செட்டை அடி கூட வளையும். செட்டையிலேயே இருக்கும் பாரத்தை அந்த இடத்துக் காற்றே தாங்குவதால் அடிக்கு வரும் வளைவு அவ்வளவு கூடிவிடாது. அதனால்தான் கைநூலில் தண்ணீரோடு ஓர் உச்ச எடையும், தண்ணீர் இல்லாமல் அதைவிடக் குறைந்த இன்னோர் உச்ச எடையும் இருக்கும். தண்ணீருக்குப் பதிலாக 150 கிலோவை உடலுக்குள் வைத்தால் மொத்தம் 525 க்குள் வந்தாலும் அது எல்லை மீறல்.

வேகமாப் போகத்தானே தண்ணி. அப்ப வேகமானியிலை சிவப்புக் கோடும் மேலை போகுமோ?

போகாது. ஸ்டோல் வேகமும் நல்ல சறுக்கல் வேகமும் எடையோடு கூடுகின்றன, ஏனென்றால் அவை செட்டை எவ்வளவு தூக்க வேண்டும் என்பதைச் சேர்ந்தவை. சிவப்புக் கோடு, காற்று வேகத்தில் செட்டையும் வாலும் படபடத்து உடைவதைச் சேர்ந்தது. தண்ணீர் அதை உயர்த்தாது.

தண்ணீரோடு பறப்பவருக்கு அந்தக் கோடு நடைமுறையில் கிட்ட வந்துவிடுகிறது. பாரமான கிளைடர் மூக்கைத் தாழ்த்தியதும் கெதியாக வேகம் பிடிக்கும். காய்ந்தபோது 150 இல் நிற்கும் அதே சரிவில் இப்போது 180 இல் நிற்பீர்கள். உயரம் போகப் போக உண்மைக் காற்று வேகம் மானி காட்டுவதைவிடக் கூடும், அதனால் கோடு உயரத்துக்கேற்பக் கீழே வரும். எத்தனை ஆயிரம் மீற்றரில் எவ்வளவு என்ற அட்டவணை பெரும்பாலான கிளைடர்களில் மானிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும்.